வாய்தா வாங்காத கடை

மதுரை மாவட்ட நீதிமன்றத்தை ஒட்டிய சந்தில் பத்துக்கு எட்டு அடியில் ஒரு கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன், ரயில் டிக்கெட், ஸ்பைரல் பைண்டிங். பெயர்ப் பலகையில் வெயில் பட்டு முதல் மூன்று எழுத்து போய்விட்டது. மிச்ச எழுத்தை வைத்து யாரும் கூப்பிடுவதும் இல்லை. 'அக்கா கடை' என்றால் கோர்ட்டு வளாகத்தில் டீ கொண்டுவரும் பையன்கூட வழி சொல்வான். கூகுள் மேப்பில் தேடினால் கடை வராது. நட்சத்திரம் போட இடமில்லாததால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் வக்கீல், சிவில் பக்கம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருட எல்.எல்.பி. முடித்து, ஒன்பது வருடமாக ஒரே சீனியரிடம் இருக்கிறேன். பாகப்பிரிவினை, உறுத்துக்கட்டளை, கடன் பத்திரம். மேலே படிக்க வேண்டும், சட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசை மட்டும் அடிவயிற்றில் கிடந்தது. அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும், பொதுவாக 55 சதவீதம் வேண்டும், அதற்கு மேல் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு. முதல் படி எல்.எல்.எம். இப்போது திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் நவலூர் குட்டப்பட்டுக்குப் பெட்டியோடு போக வேண்டும். தேர்வு எழுதியது நான். ஆனால் அந்த இடம் கை நழுவாமல் வந்து சேர்ந்ததற்குக் காரணம் இந்தக் கடை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், அதற்கு முந்தைய வருடமும் நான் விண்ணப்பித்தேன். அது வேறு இடம், ஊரின் வேறு பக்கத்தில் ஏசி போட்ட கம்ப்யூட்டர் சென்டர். அங்கிருந்த தம்பி படபடவென்று தட்டி ஐந்தே நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். வேகத்தைப் பார்த்து அசந்துபோய் இருபது ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கிளாட் தேர்வின் இணையதளத்துக்கு உள்ளே நுழையும் பெயரே நாம் கொடுக்கும் கைபேசி எண்தான். தம்பி வசதிக்காகத் தன் கடை எண்ணையும் கடை மின்னஞ்சலையும் போட்டிருக்கிறார். நுழைவுச்சீட்டு இறக்க வேண்டிய வாரத்தில் போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது. கடையைக் காலி செய்து போய்விட்டார்களாம். கட்டிய 4,000 ரூபாய் தேர்வுக் கட்டணம் போனது, வருடமும் போனது. சொத்து வழக்கில் கட்சிக்காரரிடம் 'கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்த்தீர்களா' என்று கேட்கிற நான், என் விண்ணப்பத்தை ஒரு தடவை திருப்பிப் படிக்கவில்லை. வீட்டில் இதைச் சொல்லவே இல்லை. தேர்வு கஷ்டம் என்று சொல்லி வைத்தேன்.

அக்கா கடையில் நடைமுறையே வேறு. போய் உட்கார்ந்ததும் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். பழைய காகிதத்தின் பின்பக்கத்தை அரைத்தாளாகக் கிழித்து, பேனாவோடு நம் முன்னால் தள்ளுவார். "உங்க நம்பர், உங்க மெயிலு, பத்தாவது மார்க்‌ஷீட்டுல இருக்கிற மாதிரி பேரு. நீங்களே எழுதுங்க வக்கீலம்மா. நான் காதால கேட்டு அடிக்க மாட்டேன்." என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் வக்கீலம்மாதான், வாங்க போங்கதான்.

நான் எழுதிக் கொடுத்தேன். அக்கா என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் வரிசையாக மேசையில் பரப்பி, ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். பத்தாம் வகுப்பில் இனிஷியல் முன்னால். பட்டத்தில் இனிஷியல் பின்னால். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக விரிந்து பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எந்தப் படிவத்தைத் திறந்தாலும் கடைசிப் பெயர் எங்கே என்று கேட்டு நிற்கும். "இதுல எது மாறும், எது மாறாது?" என்று அக்கா கேட்டார். பத்தாம் வகுப்பு மாறாது. அப்போ அதுதான். ஆதாரைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், அதற்கு என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அந்த அரைத்தாளிலேயே எழுதிக் கொடுத்தார். இதற்கு மட்டும் இருபது நிமிடம் ஆனது. எனக்குப் பின்னால் மூன்று பேர் முனகிக்கொண்டு நின்றார்கள். அக்கா திரும்பியே பார்க்கவில்லை.

அடுத்து வந்ததுதான் பெரிய கண்டம். பிரிவு என்ற கட்டத்தில் நான் ஓபிசி என்றேன். சான்றிதழ் எங்கே என்றார். நீட்டினேன். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். "இது நம்ம கவர்மெண்டு பிசி சர்ட்டிபிகேட்டு. இதுக்கு அவங்க கேக்குறது சென்ட்ரல் ஃபார்மேட்டு." எனக்கு முகம் சிவந்துவிட்டது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் ஒரு தடவை வாங்கினால் காலத்துக்கும் செல்லும், கிரீமி லேயர், அதாவது வசதி படைத்தவர்களைக் கழித்துவிடும் பேச்சே இல்லை. மத்திய அரசுப் படிவம் அப்படியல்ல. கிரீமி லேயரில் வரவில்லை என்று தாசில்தார் தனியாகச் சான்று தர வேண்டும், அதுவும் புதுசாக இருக்க வேண்டும். சட்டம் படித்த எனக்கு, கிரீமி லேயரைக் கழிக்கச் சொன்ன இந்திரா சாஹ்னி தீர்ப்பு தலைகீழாகத் தெரியும். அந்தத் தீர்ப்பிலிருந்து பிறந்த காகிதம் என் பையில் இருக்கிறதா என்பது தெரியாது.

இ-சேவை வழியாக 60 ரூபாயில் விண்ணப்பம் போட்டோம். விசாரணைக்குப் போன இடத்தில் ஒருவர், கல்யாணம் ஆனவர் என்றால் வீட்டுக்காரர் வருமானச் சான்றிதழ் கொண்டு வாங்க என்று திருப்பி அனுப்பினார். வீட்டுக்காரர் சம்பளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கிரீமி லேயருக்குப் பார்ப்பது விண்ணப்பதாரரின் பெற்றோரைத்தான். கணவர் வருமானமும் கணக்கில் வராது, நம் சொந்த வருமானமும் வராது. என் அப்பா ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். 8 லட்சம் ரூபாய் ஆண்டு வருமான வரம்பிலும் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. நான் வாதாடக் கிளம்பினேன். அக்காதான் நிறுத்தினார். "பேசாதீங்க, பேசுனா கோவம் வரும். காகிதத்தைக் குடுங்க." மத்திய பணியாளர் துறையின் 1993ஆம் ஆண்டு அலுவலகக் குறிப்பாணையை நான் தேடி எடுத்தேன், அக்கா அச்செடுத்துச் சம்பந்தப்பட்ட வரியின் மேல் மஞ்சள் கோடு இழுத்துக் கொடுத்தார். பத்தே நாளில் சான்றிதழ் வந்தது. அந்த மஞ்சள் கோட்டுக்கு அக்கா காசு வாங்கவில்லை, அச்செடுத்ததற்கு மட்டும் நாலு ரூபாய்.

கையெழுத்து ஸ்கேன் எடுப்பதையும் சொல்லியாக வேண்டும். மற்ற கடைகளில் கையில் கிடைத்த காகிதத்தில் போடச் சொல்லி போனில் படம் பிடிப்பார்கள், நிழல் விழுந்து கையெழுத்து புகைபோல இருக்கும். இங்கே ஒரு டப்பாவில் கருப்புப் பால்பாயிண்ட் பேனா இரண்டு தனியாக இருக்கும். ஜெல் பேனா என்றால் ஒதுங்கச் சொல்வார், மசி பரவும் என்று. வெள்ளைத் தாளில் ஆறு கையெழுத்து போடச் சொல்லி, அதில் பட்டச் சான்றிதழில் இருப்பதற்குக் கிட்டத்தில் வருவதை அவரே தேர்ந்தெடுப்பார். எனக்கு நான்காவது. ஒன்பது வருடமாக வக்காலத்தில் கிறுக்கிக் கிறுக்கி என் கையெழுத்தே வேறாகியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்று. அசல் சான்றிதழை லேமினேட் செய்து கேட்டால் அக்கா மறுத்துவிடுவார். மெஷின் அங்கேயேதான் இருக்கிறது. "ஐடி கார்டுக்குப் போடுறேன், டிகிரிக்குப் போட மாட்டேன். நாளைக்கு வெளிநாடு போகணும்னா பின்பக்கம் சீல் எங்க வைப்பாங்க?" வருமானத்தைத் தானே வேண்டாமென்று சொல்லும் கடையை நான் பார்த்ததில்லை.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2 முதல் 4. 120 நிமிடத்தில் 120 கேள்வி, தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. தீர்ப்புகளிலிருந்து நீள நீளமாகப் பத்தி கொடுத்துக் கேட்பார்கள். அரசியலமைப்புச் சட்டம் ஓரளவுக்கு வந்தது. வரிச் சட்டத்தில் குத்துமதிப்பு. விடைக்குறிப்பு வந்ததும் இரண்டு விடை தப்பு என்று தோன்றியது. ஆட்சேபணை தெரிவிக்க ஒரு கேள்விக்கு 1,000 ரூபாய். அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "தப்பு அவங்களது, காசு நம்மளதா?" என்றார். கட்டவில்லை. அந்தக் கட்டணம் அதிகம் என்று பின்னால் டெல்லி உயர் நீதிமன்றமே சொன்னது, அது வேறு விஷயம்.

அப்புறம் ஆரம்பித்தது காத்திருப்பு. மதிப்பெண் டிசம்பரிலேயே வந்துவிட்டது, விடைக்குறிப்பை எதிர்த்து வெவ்வேறு மாநில உயர் நீதிமன்றங்களில் வழக்கு. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. முதுகலைத் தேர்வு பற்றிய தீர்ப்பு மே மாதக் கடைசியில்தான் வந்தது. அதுவரை கலந்தாய்வு இல்லை. பொங்கல் போனது, சித்திரைத் திருவிழா போனது. ஜெராக்ஸ் எடுக்கப் போகும்போதெல்லாம் அக்கா, "என்ன வக்கீலம்மா, இன்னும் வாய்தாவா?" என்பார். ஒன்பது வருடமாகக் கட்சிக்காரர்களிடம் நான் சொன்ன பதிலையே அக்காவிடம் சொன்னேன்: அடுத்த ஹியரிங்கில் தெரியும். அவர்களுக்கெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று அந்த நாலைந்து மாதத்தில் விளங்கியது.

இந்த இடைவெளியில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். வெளியூரில் இருக்கும் ஒரு சேர்க்கை வழிகாட்டி நிறுவனத்துக்கு, பெயர் வேண்டாம், 15,000 ரூபாய் கட்டினேன். எந்தப் பல்கலைக்கழகத்தை எந்த வரிசையில் போடுவது என்பதிலிருந்து கடைசிவரை கூடவே இருப்பதாகச் சொன்னார்கள். வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. பெங்களூர், ஹைதராபாத், கொல்கத்தா, ஜோத்பூர் என்று கௌரவ வரிசையில் பெயர்கள். எல்லோருக்கும் அனுப்பும் அதே பட்டியல் என்பது, கீழே வேறொரு மாணவரின் பெயர் அழிக்கப்படாமல் இருந்ததில் தெரிந்தது.

அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். அப்படியே ஏற்றிவிடுங்கள் என்றேன். அக்கா மேலிருந்து கீழ்வரை படித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இதுல எந்த ஊருக்கு நெசமாவே போவீங்க?"

நான் யோசித்தேன். பையன் மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். வீட்டுக்காரர் ஷிப்ட் வேலை. பெங்களூர் என்றால் ராத்திரி ரயிலில் வந்து போகலாம். கொச்சி சரி. திருச்சி என்றால் வாரக் கடைசியில் பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு. விசாகப்பட்டினம் தூரம்தான், வேறு வழியே இல்லையென்றால் போவேன். கொல்கத்தாவும் ஜோத்பூரும்? போக மாட்டேன்.

"போக மாட்டீங்கன்னா ஏன் எழுதுறீங்க? கெடச்சிட்டா என்ன செய்வீங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் 15,000 கொடுத்திருக்க வேண்டும். அது இலவசமாகக் கிடைத்தது. கலந்தாய்வு நடக்கும் விதம் தெரிந்தால் அதன் அருமை புரியும். இடம் ஒதுக்கியதும் மூன்று வழி தருவார்கள்: ஃப்ரீஸ், ஃப்ளோட், எக்ஸிட். ஃப்ரீஸ் என்றால் கிடைத்தது போதும், அத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஃப்ளோட் என்றால் இதை வைத்துக்கொள்கிறேன், என் பட்டியலில் இதற்கு மேலே உள்ளது ஏதாவது காலியானால் மாற்றிக் கொடுங்கள். எக்ஸிட் என்றால் வெளியே. முதல் இரண்டுக்கும் 20,000 ரூபாய் உறுதிக் கட்டணம் கட்ட வேண்டும். கலந்தாய்வில் பெயர் பதியவே பொதுப் பிரிவுக்கு 30,000, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20,000 ஏற்கெனவே கட்டியிருப்போம். அந்த மஞ்சள் கோடு எனக்கு மிச்சம் பிடித்த பத்தாயிரம் இதுதான். விஷயம் என்னவென்றால், ஃப்ளோட்டில் இருப்பவருக்கு மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் பறிபோய்விடும். வேண்டாம், பழையதே போதும் என்று திரும்ப முடியாது. திருச்சிக்கு மேலே கௌரவத்துக்காக ஜோத்பூரை எழுதி வைத்திருந்தால், திருச்சி கையில் இருக்கும்போதே ஜோத்பூர் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கும்.

கடைசியில் பெங்களூர், கொச்சி, திருச்சி, விசாகப்பட்டினம் என்று நாலு ஊரைத்தான் மனசார எழுதினேன்.

முதல் பட்டியலில் விசாகப்பட்டினம். வழிகாட்டி நிறுவனத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், "ஃப்ரீஸ் பண்ணிடுங்க மேடம், ரிஸ்க் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விட்டார். என் பட்டியலில் அது எத்தனையாவது என்றுகூடக் கேட்கவில்லை. அக்கா கடையில் மத்தியானம் கூட்டம் குறைந்த நேரம். அறிவிப்பை அச்செடுத்து, ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் நானுமாக மூன்று தடவை படித்தோம். அக்கா பிளஸ் டூ வரை படித்தவர். ஆங்கிலத்தில் சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பார். எனக்குச் சந்தேகம் வந்தால் அவரைக் கேட்பேன். "ஃப்ளோட்டு போட்டா விசாகப்பட்டினம் போயிருமா?" போகாது. "மேல கெடைக்காட்டி?" விசாகப்பட்டினம் அப்படியே இருக்கும். "அப்ப எதுக்கு உறைஞ்சு நிக்கணும்? மிதங்க." அவர் சொன்னபடி மிதந்தேன். அடுத்த பட்டியலில் மாற்றமில்லை. அதற்கடுத்த பட்டியலில் திருச்சி.

அன்றைக்கு நான் கோர்ட்டில். காலையிலேயே ஒரு வழக்கு பாஸ் ஓவர், மதியம் கூப்பிடுவார்கள் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போனில் பக்கம் திறக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது. கோட்டோடு சந்துக்கு ஓடினேன். கடையில் கரண்ட் இல்லை. அக்காவிடம் இன்வெர்ட்டர் உண்டு, ஆனால் அதில் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் ஓடும், பிரிண்டர் ஓடாது. அந்த ஒன்றிலும் ஒரு பெரியவர் பென்ஷன் ஆயுள் சான்றிதழுக்கு உட்கார்ந்திருந்தார். விரல் ரேகை பதியவே மாட்டேன் என்கிறது. அக்கா அவர் விரலை ஈரத்துணியில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். அவரை எழுப்பவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எழுப்பியிருக்க மாட்டார். பன்னிரண்டு நிமிடம் கழித்து ரேகை விழுந்தது. பிறகு என் முறை. திருச்சி என்ற எழுத்தை முதலில் பார்த்தது அக்காதான்.

சத்தம் போடவில்லை. "தற்காலிக ஒதுக்கீடுன்னு போட்டிருக்கே, திருப்பி எடுத்துக்குவாங்களா?" என்றார். சான்றிதழ் சரிபார்க்கும்வரை எல்லாமே தற்காலிகம்தான் என்றேன். கரண்ட் வந்ததும் கலரில் ஒன்று அடித்துக் கொடுத்தார். பதினைந்து ரூபாய் எடுத்து நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார்.

சீனியரிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எல்.எல்.எம். படிச்சு வந்தா வாய்தா குடுக்க மாட்டாங்களா?" என்றார். அவருக்கு இது சந்தோஷம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அன்றைக்கு டீக்கு அவரே காசு கொடுத்தார். அவர் கேட்ட இன்னொரு கேள்வி நியாயமானது: ஒரு வருட எல்.எல்.எம். செல்லுமா? சென்னை பெருங்குடியில் உள்ள நம் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம். இரண்டு வருடம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஒரு வருடம். பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில் வந்தது அது. இரண்டு வருடம்தான் வேண்டும் என்று பார் கவுன்சில் 2020இல் விதி கொண்டுவந்தது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு, ஒரு வருடப் படிப்பு தொடர்ந்து நடக்கிறது. பையனை இரண்டு வருடம் விட்டுவிட்டு என்னால் போக முடியாது. எனக்கு இதுதான் தோது.

சேரும்போது காட்ட வேண்டிய காகிதங்களுக்கு அக்கா ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போட்டுக் கொடுத்தார். பட்டம், தொகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தை, இடப்பெயர்வுச் சான்றிதழ், அப்புறம் மேற்படி ஓபிசி. வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதால் இடப்பெயர்வுச் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது வருடத்துக்கு முந்தைய மாற்றுச் சான்றிதழ் பீரோவில் மாமனாரின் எல்ஐசி பத்திரங்களுக்கு நடுவில் இருந்தது. கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்ததும் இங்கேதான். 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பதை வங்கிக்குப் போகும் முன்பே தெரிந்துகொண்டு போனேன். பாதிப் பேச்சு மிச்சம்.

குறையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது.

கடையில் உட்கார ஒரே ஸ்டூல். டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வந்த வாரத்திலும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலும் அந்தப் பக்கம் போகாதீர்கள், சந்து முழுக்க ஆள் நிற்கும். அக்கா நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். அவசரமாக ஒரு அஃபிடவிட் அடிக்க வேண்டுமென்றால் பக்கத்துக் கடையே மேல். தமிழ் டைப்பிங் பழைய எழுத்துருவில் இருக்கிறது, யூனிகோடு இல்லை. அடித்ததை மின்னஞ்சலில் அனுப்பினால் அந்தப் பக்கம் பூச்சி பூச்சியாகத் தெரியும். இதை நான் நாலு தடவை சொல்லியாயிற்று. பில் கிடையாது. ஞாயிறு லீவு, கடைசித் தேதி ஞாயிறாக இருந்தாலும் லீவு.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஒரு வக்கீலாகச் சொல்கிறேன், கம்ப்யூட்டரின் முகப்புத் திரை. புதுசு, புதுசு 1, புதுசு 2, அண்ணன் அவசரம் என்று ஃபோல்டர்கள். உள்ளே ஊரிலுள்ளவர்களின் ஆதார், பான், சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் போட்டோ, கையெழுத்து. ஸ்டூலில் உட்காரும் யாரும் பார்க்கலாம். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று போட்டிருக்கிறார்கள் அக்கா, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று நான் ஒரு மத்தியானம் முழுக்க வகுப்பெடுத்தேன். அக்கா தலையாட்டிக் கேட்டார். "அழிச்சா மறுநாளே வந்து கேப்பாங்க வக்கீலம்மா. ஸ்கேன் பண்ணுறதுக்கு மறுபடியும் காசு குடுக்க முடியாதுல்ல அவங்களால" என்றார். அதிலும் ஒரு நியாயம் இருப்பது என்னைக் கொஞ்சம் எரிச்சல்படுத்தியது. எதற்கும் நீங்கள் போனால் உங்கள் காகிதங்களை உங்கள் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு, கண்ணெதிரே அழிக்கச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சொன்னால் செய்வார்.

விலை: ஜெராக்ஸ் ஒன்றரை ரூபாய், ஸ்கேன் பக்கத்துக்குப் பத்து, கலர் பிரிண்ட் பதினைந்து, ஆன்லைன் விண்ணப்பம் எதுவானாலும் 150. முதல் அரைத்தாளில் தொடங்கி இன்றுவரை நான் இந்தக் கடையில் கொடுத்தது எல்லாம் சேர்த்து 1,300 ரூபாய்க்குள் வரும். அந்த 15,000 ரூபாய் பிடிஎஃப் இன்னும் போனில் இருக்கிறது.

மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலே கால். கால் யூனிகோடுக்கு, அரை அந்த ஃபோல்டர்களுக்கு.

போன வாரம் என் கணக்கை முடித்துக்கொள்ளப் போனேன். சொன்னதைச் செய்ய வேண்டுமல்லவா, என் ஃபோல்டரை அழிக்கச் சொன்னேன். 'புதுசு 7' நான்தான். அக்கா அதை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொன்னேன். சுட்டியைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றார். "கையெழுத்து மட்டும் இருக்கட்டுமா? காலேஜ்ல திரும்பக் கேப்பாங்க." முடியாது அக்கா, சட்டம்னா சட்டம் என்றேன். சரி என்று காலி செய்தார்.

நேற்று பல்கலைக்கழகத்திலிருந்து சேர்க்கைப் படிவம் வந்தது. ஐந்தாவது கட்டம்: கையெழுத்தை ஸ்கேன் செய்து ஏற்றவும். காலையில் சந்துக்குள் நுழையும்போதே அக்கா என்னைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவிலிருந்து கருப்புப் பால்பாயிண்ட் பேனாவை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் வைத்தார். பத்து ரூபாய்.